நிதி அதிகாரி வந்த புதன்கிழமை

கண்ணாடிக் கடைக்காரருக்கு வாய்த்துடுக்கு மட்டும் குறையவே இல்லை. திருடர்கள் வீடு புகுந்து அவரை நாற்காலியோடு கட்டிப்போட்டு எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து மூன்றாவது மாடியை விட்டுத் தனியாக இறங்கியதில்லை. கடையைத் தம்பி கவனித்துக்கொள்கிறான். அண்ணனைக் கவனிக்கத்தான் அந்தத் துரைக்கு நேரமில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு உதவி மையத்துப் பெண் வருவாள். குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்காக அரசு நிதியில் நடக்கும் மையம் அது. அவள் கூட இருந்தால் படி இறங்குவார், பயத்தோடுதான். வாரத்தில் அந்த வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் அவள். மீதி ஆறு நாளும் அவளுக்காகக் காத்துக் கிடப்பதை அவர் சொன்னதே இல்லை.

போன வாரம் அவள் முகம் வாடியிருந்தது. நிதி தொடர அரசு கேட்கும் குணமானவர்கள் கணக்கில் ஒரு ஆள் குறைகிறதாம். நிதி நின்றால் மையத்தையே மூடிவிடுவார்களாம். "அதுக்காக அதிகாரிகிட்ட குணமாயிட்டதா நீங்க மாத்திச் சொல்லிடாதீங்க சார்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். மையத்தை மூடினாலும் சரி, குணமாகிவிட்டதாகச் சொன்னாலும் சரி, தன் புதன்கிழமை போய்விடும், மற்றவர்களுக்காவது அவள் இருக்கட்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இந்த வாரம் நிதி அதிகாரியும் கூட வந்தார்.

"தனியா வெளிய போறீங்களா?"

"தினமும் போறேன் சார். வீட்லயே கிடந்தா கொழுப்பு ஏறிடாதா?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை.

அதிகாரி சரியான சந்தேகப் பிராணி. "அப்போ வாங்க, கீழ வரைக்கும் பேசிக்கிட்டே போவோம்."

மாட்டிக்கொண்டார். கைப்பிடியைத் தொடாமல், கிண்டல் பேசிக்கொண்டே இறங்கினார். முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வாசலில் அதிகாரி படிவத்தில் குறித்துக்கொண்டு, "இனி இவருக்கு நீங்க வரவேண்டியதில்லம்மா" என்றார்.

"நான் மேல வரைக்கும் வந்து..." என்று ஆரம்பித்தாள் அவள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"எதுக்கும்மா? எனக்குக் கடைத்தெருவுல வேலை இருக்கு."

சொன்ன வாய்க்காகத் தெருவில் நடக்க வேண்டியதாயிற்று. அதிகாரியும் அவளும் ஏறிய கார் அவரைக் கடந்தபோது அவள் கையசைத்தாள், அவரும் அசைத்தார். கார் முனையில் திரும்பி மறைந்ததும் கால் நின்றுவிட்டது. வீடு நூறு அடி பின்னால்தான். திரும்பிப் போகவும் முடியவில்லை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அவரைச் சுற்றி ஊரே நடமாடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அநாதையாக நின்றார்.

வெகுநேரம் கழித்து, வழியில் போன ஒருவர் நின்று, "யாராவது வரணுமா சார்?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றார் அவர். "யாரும் வரமாட்டாங்க."