தொட்டாற்சிணுங்கிச் சுவர்

கன்னையாவைக் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோதுதான் பவுனம்மாளுக்கு முதன்முதலாக வெள்ளைச் சுவர் வைத்த வீடு கிடைத்தது. காஜாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் அவள். தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில் சுவரென்று இருந்ததெல்லாம் புகை ஏறிக் கறுத்த பலகைகள்தான். இங்கே இரண்டே அறைகள் என்றாலும் நான்கு பக்கமும் சுண்ணாம்பு அடித்த செங்கல் சுவர். ஊரிலிருந்து கப்பலேறி வந்த கன்னையா பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளத்தில் வண்டிக்கு வழி மாற்றிவிடும் வேலை. அவன் வேலைக்குப் போனபின் அவள் சமையலை முடித்துவிட்டுச் சும்மா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் அது போதாமல் போயிற்று. துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, வேப்பங்குச்சி நுனியை நசுக்கித் தூரிகையாக்கி, தன் கூறைப்புடவையின் கரையைப் பார்த்துச் சுவரில் வரைந்தாள். மாங்காய்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்தன. நீலம் வழிந்து தரைவரை ஓடியது. வேலை முடிந்து வந்த கன்னையா வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னா புள்ள இது? சுவத்துக்குச் சொறி புடிச்ச மாதிரி இருக்கு!"

அவளுக்கு அழுகை வந்தது. அவன் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டாள். மறுநாள் சுண்ணாம்பு அடித்து எல்லாவற்றையும் மறைத்தாள். அதற்கடுத்த நாள் மறுபடியும் வரைந்தாள்.

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பிழை வரும், ஏன் வந்தது என்று யோசிப்பாள், மாற்றிச் செய்வாள். கஞ்சி கலந்தால் சாயம் வழியாது என்று சட்டைக்குக் கஞ்சி போடும்போது தோன்றியது. சாலையோரம் கொத்தனார்கள் சாயம் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டு நேர்கோடு எடுப்பதைப் பார்த்து வந்து, அதையே வீட்டில் செய்தாள். துணிக்கடைக்காரர் கிஃபாயத்துல்லாவிடம் போய், துணி சுற்றி வரும் அட்டைகளைக் கேட்டாள்.

"அட்டையை வெச்சு என்னம்மா செய்யப் போறே? அடுப்பு எரிக்கவா?"

"இல்லண்ணே. பூ வெட்டப் போறேன்."

அட்டையில் வடிவத்தை வெட்டி எடுத்து, ஊறிப் போகாமல் இருக்க மெழுகுவத்தியைத் தேய்த்து, சுவரில் வைத்துத் துணிப்பந்தால் சாயத்தை ஒற்றினாள். இப்போது மாங்காய்கள் எல்லாம் ஒரே அளவில் வந்தன. அந்த மகிழ்ச்சியில் நான்கு சுவரிலும் இடைவெளி இல்லாமல் அடித்துத் தள்ளினாள். அடித்து முடித்து நடுவில் நின்று பார்த்தபோது மூச்சு முட்டியது. அறை பாதியாகச் சுருங்கிவிட்டது போல இருந்தது.

அன்றுதான் அவளுக்கு ஏதோ ஒன்று பிடிபட்டது. எங்கே வரைவது என்பதைவிட எங்கே வரையாமல் விடுவது என்பதுதான் கடினமான வேலை. மீண்டும் சுண்ணாம்பு அடித்தாள். இந்த முறை கீழே இடுப்பளவுக்குக் காவி நிறம். அதற்குமேல் ஒற்றைக் கோடு. கதவு நிலைக்கு மேலே மட்டும் ஒரு சின்னக் கொடி. மீதியெல்லாம் வெறும் வெள்ளை. கூரை உயர்ந்துவிட்டது போலத் தோன்றியது.

அடுத்த வீட்டுத் தனலெட்சுமி உப்பு வாங்க வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அக்கா, எங்க வீடும் இதே அளவுதானே? இங்க மட்டும் எப்படிக் காத்து வர்ற மாதிரி இருக்கு?"

அதற்குப் பிறகு தனலெட்சுமி வீட்டுச் சுவர், அதற்கடுத்த வீட்டுச் சுவர் என்று வேலை வந்தது. பவுனம்மாள் போனதும் வரைய ஆரம்பிப்பதில்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, வீட்டுக்காரி எந்த இடத்தில் அதிகம் உட்காருகிறாள், எங்கே எண்ணெய்க் கை படும் என்று பார்ப்பாள். கன்னையா இப்போது கேலி செய்வதில்லை. தேநீர்க்கடையில் யாராவது அவன் மனைவியைப் பற்றிப் பேசினால், காதில் விழாதவன் போல நின்று முழுவதும் கேட்டுவிட்டு வந்து அவளிடம் சொல்லுவான்.

கிஃபாயத்துல்லா கடையில் கல்யாணத் துணி எடுக்க வந்த கிள்ளான் காண்டிராக்டர் ராதாகிருஷ்ணன் காதுக்கும் அந்தப் பேச்சு எட்டியது. கிள்ளானில் புது வீடு கட்டியிருந்தார். மகள் சந்திரகலாவுக்கு அந்த வீட்டில்தான் கல்யாணம். அவரே குவார்ட்டர்ஸுக்கு வந்து சுவரைப் பார்த்தார்.

"ஏம்மா, இதையெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

"இங்கதான் ஐயா. இதே சுவத்துல."

அவர் மணமக்கள் அறையை அவளிடம் ஒப்படைத்தார். சிங்கப்பூரிலிருந்து பூப்போட்ட காகிதம் வரவழைத்து ஒட்டலாம் என்று மனைவி சொன்னதாகவும், தமக்கு அது பிடிக்கவில்லை என்றும் சொன்னார். "எவன் வீட்டுலயும் இல்லாததா இருக்கணும். அது உன் பொறுப்பு."

கிள்ளானுக்கு ரயிலில் போய் வந்த அந்த நாட்கள்தான் பவுனம்மாள் வாழ்க்கையின் நல்ல நாட்கள். எந்த வடிவத்தை எடுப்பது என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. மாங்காய், மயில், தாமரை எல்லாம் புடவையில் பார்த்தவை. வேறு யாரோ எப்போதோ யோசித்தவை. ஒரு காலை ரயிலுக்குக் காத்திருந்தபோது, தண்டவாளத்து ஓரம் படர்ந்து கிடந்த தொட்டாற்சிணுங்கிச் செடியில் அவள் கால் பட்டது. இலைகள் வரிசையாக மூடிக்கொண்டன. கால் படாத பக்கத்து இலைகள் விரிந்தே இருந்தன. வண்டி வரும்வரை அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் முழுக்க இளம்பச்சை அடித்தாள். கதவருகே தொட்டாற்சிணுங்கி இலைகளை மூடிய நிலையில் ஒற்றினாள், உள்ளே வருகிறவர் இப்போதுதான் தொட்டது போல. உள்ளே போகப் போக இலைகள் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தன. சன்னலை ஒட்டிய மூலையில் எல்லா இலையும் விரிந்து, நடுநடுவே ஊதாப் பூக்கள் உருண்டை உருண்டையாக நின்றன. பச்சை நன்றாகப் பளிச்சென்று பிடிக்க வேண்டும் என்று கஞ்சியை வழக்கத்தைவிடக் கெட்டியாகக் காய்ச்சிக் கலந்தாள்.

சந்திரகலா கதவைத் திறந்து உள்ளே வந்தாள். மூடிய இலைகளைப் பார்த்தாள். மெதுவாகச் சுவரோடு நடந்தாள். சன்னல் மூலைக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, இது பயந்துக்கிட்டே வந்து அப்புறம் பயம் போயிடற மாதிரி இருக்கு. எனக்காகவா போட்டீங்க?"

தான் மனதில் நினைத்ததை இன்னொருவர் அப்படியே வாயால் சொல்லிக் கேட்பது பவுனம்மாளுக்கு அதுதான் முதல் தடவை.

கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் அந்த அறையை எட்டிப் பார்த்தார்கள். கிள்ளானிலேயே மூன்று வீட்டுக்காரர்கள், மழைக்காலம் முடிந்ததும் வரச் சொன்னார்கள். இது தன் தொழிலாகவே ஆகிவிடும் என்று பவுனம்மாள் நம்பினாள். அட்டைகளைப் புதிதாக வெட்டி வைத்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு செடி என்று யோசித்து வைத்திருந்தாள்.

மழைக்காலம் முடிந்தபோது ரப்பர் விலை விழுந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருடம் அது. முதலில் தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். பிறகு ரப்பர் ஏற்றி வரும் வண்டிகள் குறைந்தன. வண்டி குறைந்ததும் வண்டிக்கு வழிவிடும் ஆட்களும் வேண்டாதவர்கள் ஆனார்கள். தனலெட்சுமியின் புருஷனுக்கு முதலில் வேலை போயிற்று. அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது தனலெட்சுமி பவுனம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சுவரை விட்டுட்டுப் போறதுதான்க்கா வயித்த எரிக்குது" என்றாள்.

வரச் சொன்ன மூன்று வீட்டுக்காரர்களும் கூப்பிடவே இல்லை. கன்னையாவுக்கும் வேலை போயிற்று. நிலையத்துக் குமாஸ்தா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மாத முடிவில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். ஊருக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் பயணம் இலவசம் என்றும் சொன்னார்.

"ஊருக்கா?" என்றாள் பவுனம்மாள். "யார் ஊருக்கு?"

"எங்க ஊருக்குத்தான். அண்ணன் இருக்காரு."

"நான் பொறந்தது இங்க. எனக்கு அங்க யாரையும் தெரியாதே."

"எனக்கு மட்டும் இப்ப யாரைத் தெரியும் புள்ள? இங்க சோத்துக்கு என்ன வழி, நீயே சொல்லு."

அவளிடம் ஒரு வழி இருந்தது. கிள்ளானுக்குப் போய் ராதாகிருஷ்ணனிடம் வேலை கேட்பது. அவர் கட்டும் வீடுகளுக்கெல்லாம் உள்வேலை செய்யலாம். இருவரும் அங்கேயே ஒரு மூலையில் தங்கிக்கொள்ளலாம். கன்னையா நம்பவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. அவள் மட்டும் போனாள்.

வீட்டு வாசலில் வண்டி இல்லை. முன் அறையில் நாற்காலிகள்கூட இல்லை. ராதாகிருஷ்ணன் தரையில் பாயில் படுத்திருந்தார். கட்டிய கட்டடங்கள் பாதியில் நின்றுவிட்டன. இந்த வீட்டையும் ஒரு சீனத் தவ்க்கே முதலாளி விலைக்குப் பேசிவிட்டார். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"வேலையா? ஏம்மா, என்னையே யாராவது வேலைக்கு வெச்சுக்குவாங்களான்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்திரகலா உள்ளதான் இருக்கா. நான் நொடிச்சுப் போனது தெரிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. போய்ப் பாரு" என்றார்.

பவுனம்மாள் அந்தக் கதவைத் திறந்தாள். முதலில் மணம்தான் வந்தது, புளித்த மாவு போல. பிறகு சுவரைப் பார்த்தாள். வாசல் பக்கத்து இலைகள் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தன. சன்னல் மூலையில் சுவர் உப்புப் பூத்து, பச்சை பொரிந்து, பூக்களெல்லாம் செதில் செதிலாகத் தரையில் உதிர்ந்து கிடந்தன. சந்திரகலா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் தொடவே இல்லக்கா," என்றாள் அவள், குற்றம் சாட்டப்பட்டவள் போல. "தானா உதிருது. பெருக்கிப் பெருக்கிப் போடறேன்."

பவுனம்மாள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். ஈரம். அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அது புதுச் சுவர். பூச்சுக்குள் இருந்த ஈரம் வெளியேற ஒரு வருடமாவது விட்டிருக்க வேண்டும். அதுவரை வெறும் சுண்ணாம்புதான் அடித்திருக்க வேண்டும். கஞ்சியைக் கூட்டியது அதைவிடப் பெரிய தப்பு. கிள்ளானின் ஈரக் காற்றில் பூஞ்சணத்துக்குச் சோறு போட்டது போல ஆகிவிட்டது. குவார்ட்டர்ஸ் சுவர்கள் பழைய சுவர்கள் என்பதால்தான் அங்கே எல்லாம் நின்றது. அவள் திறமையால் இல்லை.

"உன் தப்பு இல்லம்மா," என்றாள். "எனக்குத்தான் தெரியல. இப்பத் தெரியுது."

"மறுபடி போடுவீங்களா அக்கா?"

ஈரம் காய்ந்தபின் போட்டால் நிற்கும். எப்படிப் போட வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எந்த இடத்தில் இலை அதிகம், எந்த இடத்தில் இன்னும் வெறுமை வேண்டும் என்பதுகூடத் தெரிந்தது. ஆனால் அந்தச் சுவர் இனி அந்தப் பெண்ணுடையது இல்லை. அவள் சந்திரகலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பவுனம்மாள் துடைப்பத்தை வாங்கி, மூலையில் உதிர்ந்து கிடந்ததைப் பெருக்கி வாரி வெளியே கொட்டிவிட்டு ரயிலுக்கு நடந்தாள்.

வீட்டைக் காலி செய்கிறவர்கள் சுவர்களைப் பழையபடி வெள்ளையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது குவார்ட்டர்ஸ் வழக்கம். பார்வையிட வந்த மேஸ்திரி நல்ல மனிதர். கதவுக்கு மேலிருந்த கொடியை நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு மனசு வரலம்மா. ஆனா துரை வந்து பாத்தா என்னைத்தான் கேப்பாரு. வெள்ளை அடிச்சிடுங்கம்மா."

கன்னையா தானே அடிப்பதாகச் சொல்லி வாளியையும் சுண்ணாம்பு மட்டையையும் எடுத்தான். இரண்டு இழுப்பு இழுத்தான். கை நின்றுவிட்டது.

"இந்த ஒரு கொடிய மட்டும் விட்டுடுவோமா? சின்னதாத்தானே இருக்கு. யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்கலன்னா எதுக்கு அது?" என்று அவள் மட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அவள் அடித்தது சுத்தமான வேலை. திட்டு இல்லை, வழியவில்லை. ஆனால் முதல் பூச்சு காய்ந்ததும் கோடுகள் அடியிலிருந்து மங்கலாகத் தெரிந்தன. இரண்டாவது பூச்சு அடித்தாள். அப்போதும் காவி இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. சுரண்டி எடுத்துவிட்டு மூன்றாவது பூச்சு அடித்தாள். மாலையில் சுவரில் ஒன்றும் இல்லை. அவள் கைகளிலும் முகத்திலும் மட்டும் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. கன்னையா தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அவள் கழுவிக்கொண்டே, "அந்த அட்டையெல்லாம் அடுப்புல வெச்சுடுங்க. மெழுகு இருக்கு, நல்லா எரியும்" என்றாள்.

அன்று இரவுச் சோறு அந்தத் தீயில்தான் வெந்தது.

துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்த கொட்டகையில் நூற்றுக்கணக்கானவர்கள் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து ஆட்களும் ரோடு வேலை செய்தவர்களும்தான் அதிகம். பலருக்குக் காய்ச்சல். பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்திருக்க வேண்டும்.

"நான் ரப்பர் மரத்துல பால் வெட்டினேன் அக்கா. நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

கன்னையா பவுனம்மாள் முகத்தைப் பார்த்தான். அவள் சொல்லாவிட்டால் தான் சொல்ல வேண்டும் என்று அவன் வாய் திறந்தது.

"ஒண்ணும் பாக்கலம்மா," என்றாள் அவள். "வீட்டுலதான் இருந்தேன்."

வரிசையாக எழுந்து நிற்கச் சொல்லி ஒருவன் கத்திக்கொண்டு வந்தான். அவள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.