மேலிருந்து கீழ்

தேர்வு அலுவலகத்தில் விடைத்தாளுக்குப் பெயர் கிடையாது, பார்கோடு மட்டும்தான். "அதிக மார்க் மேல வரட்டும்மா, சீக்கிரம்!" என்று அதிகாரி பறந்த பறப்பில், அவள் எக்செலில் மார்க்குகளை மட்டும் வரிசைப்படுத்திவிட்டாள். பக்கத்திலிருந்த பார்கோடுகள் கல்லுப்பிள்ளையார் மாதிரி நகரவே இல்லை. ஒருத்தர் மார்க் இன்னொருத்தர் தலையில். எல்லார் போனுக்கும் ரிசல்ட் போன பிறகுதான் கவனித்தாள்.

அதிகாரியிடம் சொல்ல எழுந்தபோது நாத்தனார் போனில் வந்தாள்.

"அண்ணி, நம்ம குட்டி ஃபர்ஸ்ட்! மூணு தடவை கோட்டை விட்டவ! அவங்கப்பா ஊரைக் கூட்டிட்டாரு. நல்ல கல்லுளிமங்கி அண்ணி நீங்க, முன்னாடியே தெரியும்தானே?"

பின்னால் நாத்தனார் மகள் குட்டி சிரித்து அழும் சத்தம்.

"இல்லம்மா," என்றாள், "இப்பத்தான் தெரிஞ்சுது."