ஜெயம்மாவின் முழங்கால்

ஜெயம்மாவின் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் கால் அது. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜெபவீட்டில், "ஒங்க ஜெபக் குறிப்பு என்னம்மா?" என்று பாஸ்டர் கேட்டால், "முழங்கால் வலிங்க ஐயா" என்றுதான் சொல்வாள். ஓப்பநாயக்க டவுனுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துச் சபை முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நல்ல காலுக்காக உருகி உருகி ஜெபித்தது. பக்கத்தில் இருக்கும் வெள்ளையம்மாவுக்கு எப்போதும் தலையிடி. அதற்கும் ஜெபம் நடக்கும்.

உண்மை வேறு. கொழும்புக் கடையில் வேலை செய்த அவளுடைய மகன் சுரேந்திரனை வேனில் வந்த யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அது 2008ஆம் ஆண்டு, யுத்த காலம்; தமிழ்ப் பையன்கள் இப்படித்தான் காணாமல் போனார்கள். முதலாளி ஒருமுறை போனில் சொன்னார், பிறகு போனையே எடுப்பதில்லை. லயத்து வரிசை வீடுகளில் கேட்டவர்களிடம் மகன் கட்டாருக்குப் போயிருக்கிறான் என்றாள் ஜெயம்மா. விசயம் வெளியே வந்தால் லயத்தைச் சோதனை போடுவார்கள், அங்குள்ள மற்றப் பிள்ளைகளையும் வேனில் ஏற்றுவார்கள், அப்புறம் அவள் வாசலை யார் மிதிப்பார்கள்? பொலிசுக்குப் போகவும் பயம். போகாவிட்டால் பிள்ளையைத் தேட நாதியில்லை. பாவி, சோறு தொண்டையில் இறங்காமல் பாதியாகிப் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஜெபவீட்டில் அவள் காலுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்க பாஸ்டர் வந்தார். வயதான மனிதர், அவருக்குத்தான் மூட்டு வீங்கியிருந்தது. சுவரைப் பிடித்து முனகிக்கொண்டே அவள் முன்னால் குனிந்தார். ஜெயம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மனுசரை ஏய்க்கலாம், ஆண்டவரையுமா?

"வேணாங்க ஐயா. காலுக்கு ஒண்ணுமில்ல. எம் புள்ளையப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க."

சபையில் இருந்த ஒருத்தி பயந்துபோய், தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மழையிலேயே இறங்கிப் போனாள். இத்தனை மாதம் பயந்தது இதற்குத்தான். நடந்தும் விட்டது. ஆனால் நெஞ்சை அழுத்திய பாரத்தை யாரோ வாங்கிக்கொண்டதைப் போல அவளுக்கு மூச்சு வந்தது. வாய்விட்டு ஜெபித்தாள். சுரேந்திரா, சுரேந்திரா என்று மகன் பெயரைத் தவிர அதில் வேறு வார்த்தையே இல்லை.

அப்போது வெள்ளையம்மா அவள் கையைப் பிடித்தாள். "எனக்கும் தலையிடி இல்லடி, ஜெயம்மா. எம் மகன் தினேசையும் கொழும்புலதான்…"

பாஸ்டர் சுவரைப் பிடித்து நிமிர்ந்தார். பிறகு, "மரியாள் மகனோட சிலுவைக்கிட்ட நின்னாங்க. ஒண்ணும் செய்ய முடியல, ஆனா ஓடல. நீங்களும் பொலிசுல போய் நில்லுங்க" என்றார்.

மறுநாள் இருவரும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் டவுனுக்கு பஸ் ஏறினார்கள். ஜெயம்மாவின் பயம் எங்கும் போய்விடவில்லை. ஆனாலும் உள்ளே எங்கோ ஓர் அமைதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே பொலிஸ் படி ஏறினாள்.

"நம மொக்கத?" என்று சிங்களத்தில், காணாமல் போனவன் பெயரைக் கேட்டார் அதிகாரி.

ஜெயம்மா மகன் பெயரைச் சொன்னாள். அதிகாரி அடுத்து வெள்ளையம்மாவைப் பார்த்தார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் மேசையைத் தட்டினார்.

"தினேஷ்" என்றாள் ஜெயம்மா.

அவன் உனக்கு யார் என்று சிங்களத்தில் அதட்டினார் அவர்.

"அபே புதா" என்றாள். எங்கள் பிள்ளை.