நஸீமின் கேபினெட்

விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கரிச்சட்டியாய்க் கிடக்கிறது. கழற்றுகிறேன், துடைக்கிறேன், மாட்டுகிறேன். மறுபடியும் அதே கதை. அல்ஜீரியாவின் ஓரான் நகரத்து மதீனா ஜதீதா சந்தையில் தலை நரைக்கிற வரைக்கும் பாகம் பாகமாகச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டிருக்கிறவன் நான். எனக்கே பொறுமை போய்விட்டது. ஸ்குரூ டிரைவரை மேசையில் விட்டெறிந்தேன்.

"பெனவுதா மாமா, கெட்டுப்போச்சா?" என்றாள் ஷஹினாஸ். குரல் ஏற்கெனவே அழுகைக்கு ரெடியாக இருந்தது.

"வாயை மூடு. அபசகுனமா பேசாத."

எங்கள் தெரு மிலூதின் மகள் இவள். கட்டடக்கலை கடைசி வருஷம் படிக்கிறாள். மாசக் கடைசியில் வரைபடங்களைக் காட்டி வாத்தியார்கள் முன்னால் நிற்க வேண்டும். அந்தப் படங்களைத் திறந்தாலே அவளுடைய பழைய மடிக்கணினி மூச்சடைத்து நின்றுவிடும். அதனால்தான் புதுசாக ஒன்று கட்டலாம் என்று என்னிடம் வந்தாள். எந்த போர்டுக்கு எந்த பிராசஸர் உட்காரும், கார்டுக்குப் பவர் சப்ளை தாங்குமா, எல்லாம் நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். ஸ்பெயினுக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து விற்கிற ஸுஹ்ரா அக்கா அலிகாந்தேயிலிருந்து கப்பலில் வரும்போது, அதையெல்லாம் சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே சுருட்டிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடுகிற கேபினெட் மட்டும் இன்னும் வாங்கவில்லை; சாமானெல்லாம் என் மேசையில் பரப்பிக் கிடந்தது. எங்கள் ஊரில் நல்ல சாமான் இப்படித்தான் வரும். வந்த பிறகு 'சேரவில்லை, மாற்றிக் கொடு' என்று கேட்க நாதி கிடையாது. அதனால் நான் நகை எடுக்கிறவன் மாதிரி பார்த்துப் பார்த்துத்தான் சொல்வேன்.

நான் சொன்ன போர்டையேதான் அந்த மகராசி கொண்டுவந்திருந்தாள். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று, அங்கே ஏதோ கடையில் வெகுநாளாகத் தூசி தின்றுகொண்டிருந்த சரக்கை எடுத்துவிட்டாள். போர்டு செய்யப்பட்ட காலத்தில் இந்தப் புது பிராசஸர் பிறக்கவே இல்லை. அப்புறம் எப்படி அடையாளம் தெரியும்?

"மருமக வீட்டு வாசல்ல வந்து நிக்கிறா. மாமியாருக்கு அவ யாருன்னே தெரியல. அவ்வளவுதான் விஷயம்," என்றேன். "பழைய பிராசஸர் ஒண்ணை இதுல உட்கார வச்சு, போர்டுக்குப் புதுசைக் கத்துக்குடுத்துட்டா, அப்புறம் உன்னோடது ஜம்முனு உட்காரும். ஒரு மணி நேர வேலை."

"பழசு யார்கிட்ட இருக்கு?"

சந்தை முழுக்கப் போன் போட்டுப் பார்த்தேன். ஒருத்தனிடமும் இல்லை. போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான்.

"நஸீமோடதுல இருக்கும்," என்றாள் மெல்ல.

நஸீம் அவளுடைய அண்ணன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், ஸ்பெயின் பக்கம் போகிற படகு ஒன்றில் ஏறினான். அந்தப் படகில் போன ஒருத்தனிடமிருந்தும் ஒரு தகவல் இல்லை. மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மனசைத் தேற்றிக்கொண்டு, உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தொழும் ஜனாஸா தொழுகையைப் பள்ளிவாசலில் நடத்தி முடித்தார்கள். மிலூத் மட்டும் நடத்தவில்லை. இமாம் பக்குவமாகப் பேச்செடுத்தபோது, செருப்பைக் கையில் பிடித்தபடி எழுந்து வெளியே போய்விட்டார்.

அவருடைய கணக்கு இதுதான். பையன் கிளம்புவதற்கு முன்னால் அவருக்கும் அவனுக்கும் பெரிய சண்டை. நாள் முழுக்க அந்தப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாயே, தண்டச்சோறு, என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. நஸீம் ரோஷக்காரன். சின்ன வயசில் ஒரு அறைக்காக ஒரு ரமலான் முழுக்க அப்பனோடு பேசாமல் இருந்தவன். ஆக, இப்போதும் எங்கேயோ இருந்துகொண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறான். கோபம் தணிந்ததும் வருவான். அதற்கு அத்தாட்சி அந்தக் கம்ப்யூட்டர். "உயிரையே அதுலதான் வச்சிருந்தான். அதை விட்டுட்டு எங்க போயிடுவான்?" என்று காபிக் கடையில் யாரைப் பிடித்தாலும் கேட்பார். துணி போட்டு மூடி, வெள்ளிக்கிழமை தோறும் துடைத்து வைப்பார். பிளக்கில் சொருகக்கூட யாரையும் விடமாட்டார். சொந்தப் பெண்ணே படிப்புக்குத் திண்டாடியபோதும் விடவில்லை.

கேட்டுக்கொண்டே காபியைக் குடித்து முடிப்பேன். எதிர்த்துப் பேச வாய் வராது. யாருக்குத்தான் வரும்?

மறுநாள் மத்தியானம் மனுஷன் வந்தே விட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய உடம்பு. நஸீமின் கேபினெட்டைக் கம்பளியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஷஹினாஸ், கண் வீங்கிப்போய். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

"என் கண்ணு முன்னால கழட்டணும். என் கண்ணு முன்னாலயே திருப்பி மாட்டணும்," என்றார் மிலூத்.

"ஹாஜி, நான் வச்சிருக்கிறது கம்ப்யூட்டர் கடை. கசாப்புக் கடை இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் எலும்பைத்தான் தலையில கட்டுவீங்க."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பெண்ணுக்காக இறங்கி வந்ததில் அவருக்கே ஒரு நிம்மதி இருந்ததோ என்னவோ, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நஸீம் இதை வாங்கிய நாளில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து பூட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் திருகுகளைக் கழற்றி, பக்கத் தகட்டை நகர்த்தினேன்.

உடனே திரும்ப மூடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

கையில் தகட்டோடு அப்படியே நின்றேன். கதை சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"என்னப்பா? தூசியா?"

"இல்ல ஹாஜி."

ஷஹினாஸ் எட்டிப் பார்த்தாள். "மாமா, பிராசஸர் எங்க?"

பிராசஸர் இல்லை. ரேம் இல்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லை. வெறும் போர்டும் பவர் சப்ளையும்தான் இருந்தன. ஒயர்களையெல்லாம் அழகாகச் சுருட்டி, ஓரத்தில் கட்டி வைத்திருந்தது. வெளியே பளபளவென்று துடைத்த பெட்டி, உள்ளே காலி.

"திருட்டுப்பய எவனாவது வீட்டுக்குள்ள புகுந்துட்டானா?" மிலூத் எழுந்து நின்றார். "சொல்லு! எவன் வேலை இது?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெருவில் அவர் யார் சட்டையையாவது பிடித்துவிடுவாரே என்ற பயம் எனக்கு.

"திருடன் ஒயரை இவ்வளவு பொறுமையா கட்டி வச்சுட்டுப் போகமாட்டான் ஹாஜி. பூட்டினவனேதான் கழட்டியிருக்கான். வித்திருக்கான்."

"எதுக்கு விக்கணும்? அவனுக்கு என்ன குறைச்சல்?"

படகுக்காரன் சும்மா ஏற்றிக்கொள்வானா? கேட்ட வாயோடு அவருக்கே பதில் புரிந்துவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். காலிப் பெட்டிக்குள் விரலை விட்டு, பிராசஸர் இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார். பக்கத்துக் கடையில் எவனோ ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தான். போய் அவனை அறையலாம் போல இருந்தது எனக்கு.

ஷஹினாஸ் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்தாள். "அப்பா, இது நல்லதுக்குத்தான்பா. கையில பணத்தோடதான் போயிருக்கான். அங்க போய்ச் சேர்ந்திருப்பான். வேலை கிடைச்சிருக்கும். இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கியிருப்பான். அதான் இதைத் தேடி வரல."

அவர் அவள் தலையில் கையை வைத்தார்.

"இத்தனை நாளா என்ன நினைச்சேன் தெரியுமா? என் மேல இருக்கிற ஆத்திரத்துல, போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடிட்டான்னு நினைச்சேன். கோபத்துல போனவன் பேசாம இருப்பான். அது எனக்குத் தெரியும், நான் பெத்த பிள்ளை." மூச்சு வாங்கியது அவருக்கு. "இவன் கோபத்துல போகலம்மா. ஒவ்வொண்ணா கழட்டி, ஆள் பார்த்து வித்து, ஒயரைக் கட்டி வச்சு, திரும்ப மூடி, நிதானமா யோசிச்சுப் போயிருக்கான். யோசிச்சுப் போனவன், கரையில கால் வச்சதும் அம்மாவுக்கு ஒரு போன் போடாம இருப்பானா?"

"அப்பா, வேண்டாம்பா, அப்படிச் சொல்லாதீங்க."

"இருப்பான்னு சொல்றியா? அம்மாவை மறந்துட்டு எங்கேயோ சௌக்கியமா இருக்கான்னு சொல்றியா?" இல்லை என்று தலையை ஆட்டினார். "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லம்மா."

உயிரோடு இருக்கும் கல்நெஞ்சுக்காரன் ஒருவன், செத்துப்போன நல்ல பிள்ளை ஒருவன். இரண்டில் ஒன்றை என் கடையில் உட்கார்ந்து அந்த மனுஷன் பொறுக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு கொடுமை எந்த அப்பனுக்கும் வரக் கூடாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழற்றிய திருகுகளை ஒரு மூடியில் போட்டேன்.

அவர் கேபினெட்டைக் காட்டிக் கேட்டார். "இந்தப் பெட்டி இவளுக்கு ஆகுமா?"

"ஆகும் ஹாஜி. இவ போர்டு இதுல உட்காரும். பவர் சப்ளையும் தாங்கும். போர்டை மட்டும் அல்ஜியர்ஸுக்கு அனுப்பிச் சரிபண்ணிட்டு வரச் சொல்றேன். போக வர நாளாகுமேன்னுதான் முதல்ல யோசிச்சேன், எப்படியும் பரீட்சைக்கு முன்னால வாங்கிக் குடுத்துடறேன்."

"அப்ப பூட்டிக் குடு."

"எனக்கு வேண்டாம்பா!" என்றாள் ஷஹினாஸ்.

"வாங்கிக்கோ. சும்மா துடைச்சு துடைச்சு என் கைதான் தேஞ்சுது."

கம்பளியை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். பள்ளிவாசல் பக்கம் போகிற தெருவைக் காட்டி, இமாம் இந்நேரம் இருப்பாரா என்று என்னைக் கேட்டார். இருப்பார் என்றேன். நானும் வருகிறேன் என்று கடைக் கதவை இழுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நான் அங்க போறேன். நீ நேரா வீட்டுக்குப் போ," என்றார் மகளிடம். "ரெண்டு வருஷமா உங்கம்மாவை நான் அழ விடல. அவ கண்ணு கலங்கினாலே, பிள்ளை உயிரோட இருக்கான், வாயை மூடுன்னு அதட்டுவேன். போய்ச் சொல்லு. இனிமே அழட்டும்."