எண்ணெய் படக்கூடாத சாமான்

வேலணைக் கடற்காற்று என் தொலைநோக்கியின் ஃபோகசரைத் தின்றுவிட்டது. கண்வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தும் அந்தப் பகுதி துருப்பிடித்து இறுகியதும், இருபது வருடமாகக் கனடாவிலிருக்கும் என் அண்ணன் தயாபரன் புதியது அனுப்புவதாகச் சொன்னார்.

இரண்டு வகை இருந்தன. ஒன்று பற்சக்கரத்தில் ஓடுவது. மற்றது பல்லே இல்லாமல், ஓர் உருளையின் அழுத்தத்தால் மட்டும் குழாயைப் பிடித்து நகர்த்துவது. சனியின் வளையத்தைத் துல்லியமாகப் பார்க்க இரண்டாவதுதான் நல்லது. ஆனால் உருளையில் எண்ணெய் பட்டால் பிடி விட்டுவிடும்.

என் கணவர் குகதாசனுக்கோ உலோகத்தைக் கண்டால் எண்ணெய் விடவேண்டும். சைக்கிள், கதவுப் பிணைச்சல், என் குடைக்கம்பி, எதுவும் தப்பியதில்லை.

"இதிலை மட்டும் கை வைச்சியளெண்டால் பாருங்கோ" என்றேன்.

"ஓமப்பா, தொடமாட்டன்."

நான் நம்பவில்லை. எண்ணெய்ப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான், பல்லில்லாததை அனுப்பும்படி அண்ணனுக்குச் சொன்னேன்.

மூன்று வாரத்தில் பார்சல் வந்தது. நானே பிரித்தேன், நானே பொருத்தினேன். கண்வில்லையை வைத்ததும் குழாய் சறுக்கிக்கொண்டு உள்ளே போனது. திரும்பிக் குகதாசனை முறைத்தேன். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"சறுக்குதோ? சறுக்கத்தானே வேணும் பிள்ளை! உங்கை உப்புக்காத்தெல்லோ, இறுகிப்போடுமெண்டு நான் இஞ்சையே நல்லா எண்ணெய் விட்டுத்தான் அனுப்பினனான்."