பாலம் நனைத்த நாள்

பட்டறையைக் கூட்டும்போதுதான் மகார் அந்த கியர் ஆயில் கேனைத் தூக்கிப் பார்த்தான். கனத்தது. கனக்கக் கூடாது.

போன வசந்தத்து வெள்ளம் வடக்கு ரஷ்யாவின் பெச்சோராக் கிளையாற்றின் பாலத்தைக் கொண்டுபோயிருந்தது. அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அந்த ஊர்ப் பேச்சில் பாலத்துக்கும் வண்டியின் அச்சுக்கும் ஒரே சொல். "ஆத்துக்குப் பாலம் போட அவங்களுக்கு மனசில்ல. நான் வண்டிக்கு அடியில ரெண்டு போடறேன்" என்று மகார் கடைத்தெருவில் நின்று வாய் விட்டான். விட்ட வாய்க்காக, ராணுவம் கழித்துப்போட்ட அச்சுகளை மூக்கைச் சுளித்துச் சுளித்தே பேரம் பேசி வாங்கி வந்தான். அக்கரைக் குடியிருப்புகளுக்கு மருந்துப் பெட்டியோடு போகும் ஸோயாவின் பழைய வேனில் அவற்றை மாட்டினான். சக்கர வளைவுகளை அறுத்து, இடுப்பு உயர டயர்களைத் திணித்தான். வேன் குதிகால் உயர்ந்த செருப்புப் போட்ட பன்றி மாதிரி நிமிர்ந்து நின்றது.

ராணுவ அச்சில் ஒரு சங்கடம். நடுவில் ஊற்றிவிட்டால் போதாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியாக ஒரு கியர் பெட்டி, தனியாக எண்ணெய். நேற்று மூன்றுக்கு ஊற்றியிருந்தான். அப்போதுதான் ஸோயா வோட்கா பாட்டிலும் ஊறுகாய் வெள்ளரியுமாக வந்து நின்றாள்.

"நனைக்காத பாலத்துல ஏறி நான் எங்கயும் போகமாட்டேன், மகார் இலிச்!"

புதிதாக எது வாங்கினாலும் குடித்து நனைப்பது அங்கே வழக்கம். முதல் கிளாஸ் பாலங்களுக்கு, அடுத்தது டயர்களுக்கு, அதற்கடுத்தது படம் எடுத்த அதிகாரிகளுக்கு. ஸோயா உதட்டை நனைத்ததோடு சரி. நாலாவது சக்கரத்துக்கு எண்ணெய் ஊற்றுவது மறந்தே போய், ஊற்றியதெல்லாம் மகாருக்குள்ளேயே போய்விட்டது. பின்பக்க இடது பெட்டியை, உள்ளே காய்ந்திருக்க, மூடி முடுக்கியதுகூட அவனுக்கு இப்போது நினைவு வந்தது.

கேன் கையில் இருக்கும்போதே போன் அடித்தது. காலையில் வேனை எடுத்துப்போன ஸோயா, அக்கரை மேட்டிலிருந்து. அதைத் தாண்டினால் சிக்னல் கிடையாது.

"பின்னாடி இடது சக்கரம் ஓநாய் மாதிரி ஊளையிடுது. புள்ளத்தாச்சி லிடா வண்டியில இருக்கா, வலி எடுத்துடுச்சு, குழந்தை குறுக்க கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாகணும். போகலாமா? இல்ல நின்னு வேற வண்டி சொல்லவா?"

வேறு வண்டி என்றால், பக்கத்துப் பட்டறை ஃபதேயின் டிராக்டர். ஃபதேய் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

"அது... புதுசா மாட்டின கியர்ப் பல்லு. ஒண்ணுக்கொண்ணு பழகுது. தைரியமா போ."

"நீங்க சொன்னா சரி. கல்யாணமான புதுசுல என் புருஷனும் இப்படித்தான் ஊளையிட்டான்."

அவள் சிரிப்போடு லைன் போனது. மகார் உடனே திரும்ப அடித்தான். மணி போகவில்லை. சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. சந்தையில் துருவைத் தங்கம் என்று விற்ற நாக்கு, தன் தப்பை மட்டும் விற்கத் தெரியாமல் மடங்கிக்கொண்டது. முதலில் ஃபதேயின் கதவைத் தட்டினான், பூட்டியிருந்தது. பூட்டைக் கண்டதும் மனம் ஒரு கணம் நிம்மதிப்பட்டதற்கு, தன்னையே திட்டிக்கொண்டு ஓடினான்.

கேனோடு ஆற்றங்கரைக்குக் காரை விரட்டினான். கார் அதற்கு மேல் போகாது. கரையில் நின்றான். கண்ணில் படுமுன் காதில் பட்டது: ஊளை இல்லை, இப்போது அது அரைபடும் சத்தம்.

வேன் எதிர்க்கரை சரிவில் தள்ளாடி இறங்கியது. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

"நில்லு! அங்கயே நில்லு ஸோயா!"

ஆற்றின் இரைச்சல் அதை விழுங்கியது. அவன் கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினான். ஸோயா பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, இல்லாத கிளாஸை அவனை நோக்கி உயர்த்தி, ஹாரன் அடித்தபடி ஆற்றுக்குள் விட்டாள்.

மூன்று சக்கரங்கள் அமைதியாக நனைந்தன. நான்காவது தண்ணீரைத் தொட்டதும், சீறிக்கொண்டு வெள்ளையாக ஆவி எழுந்தது.