தட்டா, கேசட்டா

அந்த இங்கிலீஷ் பாட்டுத்தட்டுக்காகக் கோட்டைக்குப்பத்தில் முதலில் விழுந்தது வேதாசலத்தின் முன்பல். "பாடறானா, வயித்து வலில முனகறானா?" என்று டீக்கடையில் கேட்டான். கேட்ட வாய் மூடுவதற்குள் ஜமால் முகம்மதுவின் முழங்கை வந்து இறங்கியது.

ஜமால் பாய் பன்னிரண்டு வருஷம் கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவர். எண்பத்தொன்றில் பழவேற்காட்டை ஒட்டிய இந்தக் குப்பத்துக்குத் திரும்பியபோது ஒரு ரெக்கார்டு பிளேயரும் அந்தத் தட்டும் கூட வந்தன. லண்டன் வெள்ளைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, அமெரிக்கக் கறுப்பு ஜனங்களின் துக்கப் பாட்டை எடுத்துக் கிதாரில் கரண்ட் ஏற்றிப் பாடியது. ப்ளூஸ் ராக் என்பார் பாய். பத்து வருஷத்துப் பழசு, ஆனாலும் உலகமே கும்பிடுகிற தட்டு என்பார். அதை மைக் செட் ராஜவேலு ஒரு கேசட்டில் பதிந்துகொண்டுபோய், தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் காலையும் மாலையும் போட்டான். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

"நாலு பேரையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிட்டியேடா பாவி. தட்டுல கேட்டுப் பாரு. கொட்டு அந்த மூலைல, கிதார் இந்த மூலைல. பாடறவன் மூச்சு இழுக்கறது கூட கேக்கும்" என்றார் பாய்.

"உன் தட்டுல மீன் பொரியற சத்தம்தான் பாய் கேக்குது. என் கேசட்டு சுத்தம். லைட்ஹவுஸ் குப்பம் வரைக்கும் போவுது" என்றான் ராஜவேலு.

கடல் கொந்தளித்துப் பதினைந்து நாளாக எவனும் படகு இறக்கவில்லை. சும்மா இருக்கிற கைக்கு ஏதாவது வேண்டுமல்லவா? ஊர் இரண்டாகப் பிரிந்தது. தட்டுக் கட்சிக்காரன் ஒருவனுக்கு சோடா பாட்டிலால் நெற்றி கிழிந்து ஆறு தையல். கேசட் கட்சிக்காரன் ஒருவனை நங்கூரக் கயிற்றில் கட்டி முகத்துவாரத்துச் சேற்றில் இழுத்தார்கள். அந்தப் பாட்டில் ஒரு வரிக்கு அர்த்தம் தெரிந்தவன் ஊரில் கிடையாது. அறியாத பாட்டுக்கு இத்தனை ரத்தம் சிந்திய ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

குப்பத்துத் தலைவர், பெரியதனக்காரர் அங்கமுத்துதான் முடிவு கட்டினார். "எல்லப்பன் கேட்டுச் சொல்லட்டும். அவன் சொன்னா சொன்னதுதான்."

எல்லப்பனுக்கு அப்படியொரு காது. கத்தாளை மீன் கூட்டமாக வந்தால் தண்ணீருக்கடியில் சத்தம் போடும். எல்லப்பன் துடுப்பைக் கடலில் இறக்கி, காம்பின் முனையில் வலது காதை ஒட்டவைத்துக் கேட்பான். கூட்டம் எந்தப் பக்கம், எத்தனை பெரிசு என்று சொல்வான். வலை அங்கே இறங்கும். ஏழு வயதில் சீழ் பிடித்து இடது காது செத்துவிட்டது. இரண்டு காதின் கூர்மையும் சேர்ந்து வலதில் உட்கார்ந்துவிட்டதாக ஊரில் பேச்சு. ஐம்பதைத் தாண்டியவன், தோள்பட்டை தேய்ந்தவன். அந்தக் காதுக்காகத்தான் படகின் மூக்கில், முன்னணியத்தில், அவனுக்கு இடம்.

வலைக்கொட்டகையில் அவனைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தார்கள். முதலில் தட்டு சுழன்றது. பொரிகிற சத்தம் அவனுக்குப் பொருட்டில்லை. அலைக்குப் பின்னால் கேட்டுப் பழகியவன். கிதார் இழுத்து இழுத்து அழுதது. யாரோ செத்த வீட்டில் அழ வெட்கப்படுகிற ஆம்பளை மாதிரி இருந்தது. பிடித்துப்போயிற்று. அப்புறம் ராஜவேலுவின் செட்டில் கேசட். அதே அழுகை, கொஞ்சம் வறண்டு. ஆனால் அதற்கடியில் விடாமல் ஒரு முனகல். எல்லப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ரெண்டாவதா வந்ததுதான் ஒசத்தி" என்றான். ராஜவேலு கட்சி கூரை அதிரக் கத்தியது. எல்லப்பன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அதுலதான் அடில 'ம்ம்'முனு ஒண்ணு ஓடினே கீது. கத்தாளை நவுர்றதுக்கு முன்ன இப்டித்தான் கேக்கும். முதல்ல போட்டதுல அது இல்ல."

ஜமால் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "அது பாட்டு இல்லப்பா! அவன் ஆம்ப்ளிஃபயரோட கோளாறு! எர்த் சரியில்லாம இரையுது!"

கொட்டகை மொத்தமும் சிரித்தது. திருவிழாவுக்கு செட் பேச வந்திருந்த பொன்னேரிக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "இரையற செட்டு நமக்கு வேணாம்பா" என்று எழுந்துபோனார்கள். ஜெயித்த நிமிஷமே ராஜவேலுவின் பிழைப்பு போயிற்று. கையில் அகப்பட்டது குழாய் ஸ்பீக்கரின் அடியில் மாட்டுகிற இரும்பு யூனிட். அதைத் தூக்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த எல்லப்பனின் வலது காதில் அடித்தான். எல்லப்பன் வலைமேல் சாய்ந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. அதற்கப்புறம் அங்கே நடந்த அடிதடியை அவன் பார்த்தான். ஒரு சத்தமும் வரவில்லை.

எல்லப்பன் பெண்டாட்டி மணியம்மாளுக்கு மறுநாளே தெரிந்துபோயிற்று. அவன் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தவலை கை நழுவி விழுந்தது. புருஷன் திரும்பவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கத்தாளை வரப் பத்து நாள் இருந்தது. காதுக்கு மருந்து விட்ட கம்பவுண்டர் விரலால் ஒரு மாசம் என்று காட்டினார், தேறினால். படகில் தெரிந்தால் துடுப்பு அவள் தம்பி கிருஷ்ணன் கைக்குப் போய்விடும். தேய்ந்த தோளோடு வலை இழுக்க எல்லப்பனை எவனும் ஏற்றமாட்டான். புருஷனும் பெண்டாட்டியும் கையால் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். யார் எதிரே வந்தாலும் எல்லப்பன் உதட்டைப் பார்ப்பான், அவள் பின்னாலிருந்து அவன் சட்டையை இழுத்துக் காட்டுவாள். ஒரு இழுப்பு ஆமாம், ரெண்டு இழுப்பு இல்லை. "காது சரியாப் போச்சு" என்று அவன் முந்திக்கொண்டு எல்லாரிடமும் சொன்னான். நம்பினார்கள்.

எட்டாம் நாள் பஞ்சாயத்து கூடியது. ரத்தம் பார்த்த குற்றத்துக்கு அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடித்தவன் மணலில் குப்புறப் படுக்கவேண்டும். அடிபட்டவன் கையில் துடுப்பைக் கொடுப்பார்கள். படுத்தவன் நெற்றியை மணலில் வைத்து மூன்று தரம் மன்னிப்புக் கேட்பான். மூன்றாவது தரம் கேட்டதும் துடுப்பைக் கீழே போட்டுவிட வேண்டும். மன்னிப்புக் கேட்காவிட்டால் ஒரே ஒரு அடி. அந்த அடியை வாங்கினவன் யாரும் நினைவில் இல்லை, எல்லாரும் கேட்டுவிடுவார்கள்.

வட்டத்துக்குள் பொம்பளைகள் வரக்கூடாது. மணியம்மாள் ஜனத்துக்குப் பின்னால் நின்றாள். அங்கமுத்து ஏதோ சொல்லித் துடுப்பை நீட்டினார். எல்லப்பன் வாங்கிக்கொண்டான்.

ராஜவேலு படுத்தான். எல்லப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் பின்னந்தலையும் முதுகும். காத்திருந்தான். கேட்டால் எப்படியாவது தெரியும், முதுகு குலுங்கும், சுற்றி நிற்பவர்கள் முகம் மாறும் என்று நினைத்திருந்தான். முதுகு கல்லாகக் கிடந்தது. ஜனம் அசையாமல் பார்த்தது. இன்னும் காத்திருந்தான். என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லையா இந்த நாய்க்கு? எட்டு நாளாகக் காதுக்குள் அடைத்துக்கிடந்த ஆத்திரம் தோளுக்கு வந்தது. துடுப்பை ஓங்கினான்.

முதுகில்தான் இறக்கினான். ஆனால் அந்த நேரம் பார்த்து ராஜவேலு, முடிந்தது என்று நினைத்து முழங்கை ஊன்றி எழுந்தான். துடுப்பு தாடையில் பட்டது. தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. மணலில் ரத்தமும் பல்லும் விழுந்தன. ராஜவேலு வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது.

ஜனம் பாய்ந்துவந்து எல்லப்பனைப் பிடித்தது. அங்கமுத்து அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றி, முகத்துக்கு நேரே மூன்று விரலை ஆட்டி ஆட்டிக் கத்தினார். மூன்று விரலை எல்லப்பன் பார்த்தான். அவர் உதட்டையும் பார்த்தான்.

"கேட்டானா?" என்றான். "எப்போ கேட்டான்?"

அங்கமுத்து அவன் சட்டையை விட்டுவிட்டார். அவன் படகுக்காரர்கள் ஆறு பேரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிருஷ்ணன் வந்து, மாமன் முகத்தைப் பார்க்காமல், துடுப்பை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.